ஒரு மரம், மூன்று தைலம்

மாத்தளையிலிருந்து தம்புள்ளை போகும் ஏ9 வீதியின் இரு மருங்கிலும் வாசனைத் திரவியத் தோட்டங்கள். மிளகு, சாதிக்காய், ஏலம், கராம்பு, கறுவா என எல்லாம் விளையும் மண் இது. இவற்றுள் என்னை அதிகம் வியக்க வைப்பது கறுவா.

கறுவாப்பட்டையை ஆவியில் வடித்தால் கிடைக்கும் எண்ணெயில் பெரும்பங்கு சின்னமால்டிஹைடு. அதே மரத்தின் இலையை வடித்தால் யூஜினால். கராம்புக்கு மணம் தருவதும் அதுதான். வேர்ப்பட்டையை வடித்தாலோ கற்பூரம்! பூச்சியும் பூஞ்சையும் தாக்கினால் ஓடி ஒளிய முடியாத மரம், தன்னைக் காக்கத் தானே சமைத்துக்கொண்ட இரசாயனங்கள் இவை.

இவை நம் தோலில் பட்டதும் நரம்புகளோடு பேசத் தொடங்குகின்றன. சின்னமால்டிஹைடு, நரம்பு முனையிலுள்ள டிஆர்பிஏ1 என்ற புரத வாயிலைத் திறக்கிறது, எரிச்சல் தோன்றுகிறது. கற்பூரம், வெதுவெதுப்பை உணரும் டிஆர்பிவி3 வாயிலைத் தூண்டுகிறது. இவ்விரு தூண்டல்களையும் 2004, 2005ஆம் ஆண்டுகளில் கண்டறிந்தது ஆர்டெம் பட்டபூட்டியானின் ஆய்வுக்குழு. 2021இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். யூஜினால் செய்வது வேறு வேலை: வலிச் செய்தியைக் கடத்தும் சோடியம் வாயில்களை அடைத்து, இடத்தை மரக்கச் செய்கிறது. பல்வலிக்குக் கராம்பை வைப்பதன் பலன் இதுவே.

வீட்டில் தைலம் காய்ச்சும் முறைக்கும் காரணம் உண்டு. இந்த மணப்பொருள்கள் நீரில் அரிதாகவே கரையும். எண்ணெயில் எளிதில் கரையும். தோலின் மேலடுக்கும் கொழுப்பு நிறைந்தது என்பதால் எண்ணெயோடு உள்ளே இறங்குகின்றன. கறுவா இலையை நிழலில் நன்றாக உலர்த்த வேண்டும். ஈரம் இருந்தால் தைலம் பூசணம் பிடிக்கும். நொறுக்கிய இலையைத் தேங்காய் எண்ணெயில் இட்டு, அந்தப் பாத்திரத்தைச் சுடுநீருக்குள் வைத்து, மூடி, மெல்லச் சூடாக்குவது நல்லது. அடுப்பின் நேரடிச் சூட்டில் கொதிக்கவிட்டால் வீடெல்லாம் மணக்கும். மணக்க மணக்க மருந்து காற்றோடு போகிறது என்று பொருள்.

வடித்தெடுத்த கறுவா எண்ணெய்க்கு வீரியம் மிக அதிகம். அதை அப்படியே பூசினால் தோல் புண்ணாகும், ஒவ்வாமையும் வரலாம். வீட்டுத் தைலத்தையும் முழங்கையின் உட்புறத்தில் ஒரு துளி தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும். கண்ணருகிலும் திறந்த காயத்திலும் பூசக் கூடாது. கற்பூரம் வயிற்றுக்குள் போனால் குழந்தைகளுக்கு வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். நோவைத் தணிக்கும் அதே வீரியம்தான் தோலைச் சுடுவதும். எந்தப் பாகம், எவ்வளவு என்று அறிந்து கையாள்வதே கைமருத்துவத்தின் உயிர்நாடி.