அணையின் பயனும் அபாயத் தரமும்

காவிரி டெல்டாப் பாசனத்துக்கு ஆதாரமாயுள்ள மேட்டூர் அணை 1934-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்றது. நீர்மட்டம் 120 அடியை எட்டுங்கால் இந்நீர்த்தேக்கம் சுமார் 9,347 கோடி கன அடி ஜலத்தைக் கொள்ளும். வெள்ளக்காலத்து நீரைத் தேக்கிக் குறுவைக்கும் சம்பாவுக்கும் அளந்து விடுவதே இதன் முதல் நோக்கமாகும், மின்சாரமும் உற்பத்தியாகிறது. மிகுந்த நீர் 16 கண் மதகு வழியே வெளியேறும்.

அணைகளுக்கு வகுக்கப்படும் 'அபாயத் தரம்' என்பதைப் பலர் தவறாகப் பொருள் கொள்கின்றனர். தரம் உயர்வாயிருப்பின் சுவர் பழுதுற்றதென எண்ணுதல் பிழை. அணை உடையுமாயின் கீழ்ப்புறத்தில் எவ்வளவு உயிர்ச்சேதமும் பொருட்சேதமும் விளையும் என்பதையே அது குறிக்கும். ஆதலின், ஆற்றோரத்தில் குடியிருப்புகள் பெருகுமாயின், உறுதியான அணைக்கும் அபாயத் தரம் உயரும்.

கீழ்ப்புறத்து ஊர் அடையும் கேட்டுக்குக் குஜராத்தின் மோர்வி நகரமே சான்று. 1979 ஆகஸ்ட் 11-ஆம் தேதி, மச்சு இரண்டாம் அணையின் போக்கிகள் தாங்கவொண்ணாத வெள்ளம் வந்து மண்கரைமேல் வழிந்தது. கரை அறுபட்டு நகரம் மூழ்கியது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் பருவமழைக்கு முன்னும் பின்னும் பரிசோதனையையும், அவசரகால நடவடிக்கைத் திட்டத்தையும் கட்டாயமாக்கியுள்ளது. எனினும், அறிவிப்பு உரிய வேளையில் ஊரை எட்டாவிடில் திட்டத்தால் பயனில்லை.

ஆகவே விவசாயிகள் ஆற்றுப் படுகையில் கொட்டகையோ வைக்கோற்போரோ அமைத்தலாகாது. உபரிநீர் அறிவிப்புக் கிடைத்ததும் கால்நடைகளையும் எண்ணெய் எஞ்சின்களையும் மேட்டுக்குக் கொண்டு செல்லல் வேண்டும். கிராம உத்தியோகஸ்தர்கள் தாழ்ந்த பகுதிகளையும், முதியோர் வாழும் வீடுகளையும், மேட்டுக்குச் செல்லும் வழிகளையும் மழைக்கு முன்பே குறித்து வைத்தல் நலம்.