பத்து விநாடி மூச்சு

2020-ம் வருஷம் ஏப்ரல் மாதம். ஊரடங்கு ஆரம்பித்து இரண்டு வாரம் இருக்கும். காலையில் அடுப்பில் பாலை வைப்பதற்குள் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் முப்பது செய்தி வந்து விழுந்திருக்கும். பூண்டு தின்றால் கொரோனா வராது, வெந்நீர் குடித்தால் கிருமி செத்துப்போகும்... வந்ததையெல்லாம் நாலு பேருக்கு அனுப்பினால் புண்ணியம் என்று நானும் அனுப்பிக்கொண்டிருந்தேன். நீங்களும்தான் அனுப்பியிருப்பீர்கள் சகோதரிகளே, ஒளிக்காதீர்கள்!

அதில் ஒன்று, பத்து விநாடி மூச்சை அடக்கும் 'பரிசோதனை'. இருமாமல் அடக்கிவிட்டால் நுரையீரலில் தொற்று இல்லையாம். நான்தான் அதை என் மாமியாருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன்.

அவருக்கு எழுபது வயது. ரொம்ப வருஷமாக இழுப்பு உண்டு. மறுநாளிலிருந்து தட்டைத் தனியாக எடுத்துக்கொண்டு பின்கட்டு அறையில் போய் உட்கார்ந்துவிட்டார். பேரன் ஓடினால், "கிட்ட வராதேடா கண்ணு" என்பார். சோறு பாதி அப்படியே திரும்பி வரும். ராத்திரி தூக்கமில்லை. என்மேல் ஏதோ கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். மருமகளுக்கு வேறென்ன தோன்றும்!

நாலாம் நாள் கதவருகே நின்று கெஞ்சியதும் அழுதுவிட்டார். "ஆறு எண்றதுக்குள்ளே இருமல் வந்துடுதும்மா. எனக்கு வந்துடுச்சு. வெளியே சொல்லாதே, வாசல்லே தகரம் அடிச்சுடுவாங்க."

எனக்கு நெஞ்சே அடைத்துவிட்டது. உடனே எங்கள் டாக்டருக்குப் போன் போட்டேன். "இழுப்பு உள்ளவங்க மூச்சை அடக்கினா இருமத்தான் செய்வாங்க. தொற்று இருக்கிறவங்க சில பேர் இருபது விநாடிகூட அடக்கிடுவாங்க. இதை நம்பாதீங்கன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கு" என்றார். பிறகு மாமியாரிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, "காய்ச்சல் இருக்கா? காபி வாசனை தெரியுதா?" என்று கேட்டார்.

"வாசனை தெரியுது டாக்டர். டிகாக்ஷன்தான் தண்ணியா இருக்கு" என்றார் மாமியார்!

அன்றிலிருந்து எந்தச் செய்தி வந்தாலும், யார் சொன்னது, எப்போது சொன்னது என்று பார்க்காமல் அனுப்புவதில்லை. செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம். அப்படிப்பட்டதை ஒரு தடவைக்கு ஒருவருக்குத்தான் அனுப்ப முடியும் என்று அந்த ஏப்ரலிலேயே வாட்ஸ்அப்காரர்கள் கட்டுப்பாடு வைத்தார்கள்.

2021-ல் இரண்டாவது அலையின்போது ஆக்சிமீட்டர் வாங்கினோம். 94-க்குக் கீழே காட்டினால் டாக்டரிடம் ஓட வேண்டும் என்று தெரியும். என் விரலில் ஒருநாள் 90 காட்ட, வீடே ஆடிப்போனது. நகப்பாலிஷை அழித்துவிட்டுப் பார்த்தால் 98! பாலிஷ் இருந்தாலும் விரல் சில்லிட்டிருந்தாலும் கணக்குத் தப்பலாமாம்.

என் கதையும் ஒன்று உண்டு. ராத்திரி இரண்டு மணிக்குப் போனில் சாவுக் கணக்குப் பார்ப்பேன். பிறகு படபடப்பு, உள்ளங்கையில் வியர்வை. இவர்தான் போனைச் சமையலறை அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாயங்காலம் அரசு அறிக்கையை ஒரே தடவை பார்ப்பதோடு சரி. பத்தே நாளில் தூக்கம் திரும்பியது. அப்படியும் தேறாதவர்கள் உண்டு. அவர்கள் இப்போது 14416-க்குப் பேசலாம். 2022 அக்டோபரில் ஆரம்பித்த இலவச மனநல உதவி எண் அது. தமிழிலேயே பேசலாம்.

மாமியார் இப்போது ரொம்ப உஷார். நான் போனைப் பார்த்து எதையாவது படிக்க ஆரம்பித்தால் போதும், "இரு இரு, இதை டாக்டர் சொன்னாரா, உங்க பெரியம்மா பொண்ணு சொன்னாளா?" என்கிறார்.