கம்பெனி எங்கே இருக்கிறது?

1982-ல் நான் வேலைக்குச் சேர்ந்த ஜமால்பூர் பணிமனை, 1862-ல் ஈஸ்ட் இந்தியன் ரயில்வே கம்பெனி தொடங்கியது. பங்குதாரர்கள் லண்டனில், போட்ட முதலுக்கு 5 சதவீத வருமானம் கிடைக்கச் சர்க்கார் உத்தரவாதம். குறைந்தால் நம் நாட்டு வரிப்பணம் ஈடுகட்டும். நல்ல வியாபாரம்தான்! ஆனாலும் தண்டவாளம், உலைக்களம், குவார்ட்டர்ஸ் எல்லாம் கம்பெனியின் சொத்து. 1899-ல் அங்கேயே ஒரு முழு எஞ்சினைச் செய்து முடித்தார்கள். 1925-ல் நிர்வாகம் சர்க்காரிடம் வந்தது. என் காலத்தில் கையில் அடிபட்டவன் நேரே ரயில்வே ஆஸ்பத்திரிக்குப் போவான்.

கல்கத்தாவின் மானேஜிங் ஏஜென்சிகள் வேறு ரகம். கொஞ்சம் பங்கை வைத்துக்கொண்டே சணல், நிலக்கரி, தேயிலைக் கம்பெனிகளை ஆட்டி வைத்தன. 1970-ல் சட்டம் அந்த முறையை ஒழித்தது.

சென்ற மாதம் ஹவுரா ஸ்டேஷனுக்குச் செல்போனில் கார் பிடித்தேன். ஓட்டிய பையனின் மணிக்கட்டில் கட்டு. "உன் கம்பெனி எங்கே?" என்றேன். போனைக் காட்டினான். கார், கடன், பெட்ரோல், கட்டுப் போட்ட செலவு எல்லாம் அவனுடையது; கட்டணத்தை முடிவு செய்வது மட்டும் கம்பெனி.

2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இவர்களைப் 'பிளாட்ஃபார்ம் தொழிலாளி' என்கிறது. (ரயில்காரனுக்கு அந்தச் சொல்லின் பொருளே வேறு!) வழக்கமான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே இருப்பவர்களாம். இவர்களுக்கான நிதிக்குக் கம்பெனிகள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் தர வேண்டும். 2025 நவம்பரில் சட்டம் அமலுக்கு வந்தது.

"இ-ஷ்ரமில் பதிவு செய்தாயா?" என்றேன். அவன் கேள்விப்பட்டதே இல்லை. இறங்குமுன் ஒரு சீட்டில் எழிதிக் கொடுக்காமல், அவன் போனிலேயே திறந்து காட்டிவிட்டு வந்தேன்.