சோர்ந்த மனதுக்குப் பயிற்சி முகாம் வழி காட்டுமா?

“இருபது வருஷ வியாபாரம், இப்போது ஷட்டரைத் தூக்கவே மனம் வரவில்லை பாய். சுயமுன்னேற்றப் பயிற்சி முகாமுக்குப் போகலாமா?” என்று சகோதரர் ஒருவர் நம் அலுவலகத்தில் கேட்டார். வீட்டில் அதைச் சோம்பல் என்கிறார்களாம்.

சோம்பல் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதை நோயாக அல்லாமல், தீராத வேலை அழுத்தத்தின் விளைவாக விளக்கியது. அடையாளங்கள் மூன்று: கடும் களைப்பு, வேலையில் வெறுப்பு, செயல்திறன் குறைவு.

நல்ல முகாம், எது நம்மைக் களைக்க வைக்கிறது, எது நிறைவு தருகிறது என்று எழுதிப் பார்க்க வைக்கும். அதே நிலையில் உள்ளவர்களோடு பேசவும் வாய்ப்புத் தரும். ஆனால் வேலை நேரத்தையோ கடனையோ அது குறைக்காது.

எனவே, முதலில் சில நாட்கள் நன்றாகத் தூங்கி ஓய்வெடுங்கள். நடத்துபவரின் தகுதி, கட்டணம் இரண்டையும் விசாரியுங்கள். “மூன்றே நாளில் வாழ்க்கை மாறும்” என்று சொல்லி, அடுத்தடுத்த வகுப்புக்குப் பணம் கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். அங்கே பிறக்கும் உற்சாகத்தில் கடையை மூடிவிட வேண்டாம். வீட்டாரோடு மஷூரா செய்து, நிதானமாக முடிவெடுங்கள்.

தூக்கமே இல்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் முகாம் போதாது. மருத்துவரிடம் செல்லுங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416இல் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.