உங்களுக்குத் தெரியுமா? வார்டில் தொடங்கி பல்கலைக்கழகத் தலைமை வரை

● அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 1993-94இல் ஒரு நர்ஸின் பொறுப்பில் இருந்தது. இடைக்காலத் தலைவராக அமர்ந்த அவர் பெயர் கிளேர் ஃபேகின். அங்கே ‘பிரசிடென்ட்’ என்றால் நம் ஊர்த் துணைவேந்தர் மாதிரி. ஹார்வர்டு, யேல் வரிசையில் வைத்துப் பேசப்படும் ‘ஐவி லீக்’ பல்கலைக்கழகம் அது.

● 1948இல் நர்சிங் பட்டம் வாங்கிய ஃபேகினின் ஆரம்ப நாட்கள், நியூயார்க் சீ வியூ மருத்துவமனையில் காசநோய்க் குழந்தைகளோடு கழிந்தன.

● அந்நாளைய அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் பார்வையாளர் நேரம் முடிந்ததும் அம்மா கிளம்பியாக வேண்டும். பிள்ளை அழுது ஓய்ந்து சுருண்டுகொண்டால், ‘சமத்தாகிவிட்டது’ என்று கணக்கு. அம்மா கூடவே தங்கிய பிள்ளைகளையும் தங்காத பிள்ளைகளையும், வீடு திரும்பிய பிறகு ஒப்பிட்டுப் பார்த்தார் ஃபேகின். துணை இருந்த பிள்ளைகளே நன்றாகத் தேறியிருந்தார்கள். அவருடைய முனைவர் பட்ட ஆய்வு இதுதான். பெற்றோருக்கு வார்டுக் கதவு திறந்ததில் இந்த ஆய்வுக்கும் பங்கு உண்டு.

● 1977 முதல் 1990களின் தொடக்கம் வரை ஃபேகின் பென்சில்வேனியா நர்சிங் கல்லூரியின் டீன். 2006இல் அந்தக் கல்லூரிக் கட்டடத்துக்கே ‘ஃபேகின் ஹால்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

● இந்தப் பாதைக்கு முதல் கல் போட்டவர் அடிலெய்டு நட்டிங். 1907இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜில் பேராசிரியர் ஆனார். ஒரு நர்ஸுக்கு அந்தப் பதவி கிடைத்தது அதுவே முதல் முறை.

● யேல் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் டீனும் நர்ஸ்தான்: 1923இல் ஆனி குட்ரிச். அங்கே இளங்கலை படிக்கப் பெண்களைச் சேர்த்துக்கொண்டதோ 1969இல்!

● நம் ஊரும் பின்தங்கவில்லை. இந்தியாவில் பி.எஸ்சி. நர்சிங் 1946இல் தொடங்கியது இரண்டே இடங்களில். ஒன்று டெல்லி, மற்றொன்று வேலூர் சி.எம்.சி.

● ‘நர்ஸுக்கு எதற்குப் பட்டம்?’ என்பவர்களுக்கு ஒரு பதில்: பென்சில்வேனியா நர்சிங் பேராசிரியை லிண்டா எய்கன் குழு, 9 ஐரோப்பிய நாடுகளில் அறுவை சிகிச்சை நோயாளிகளை ஆராய்ந்து 2014இல் முடிவை வெளியிட்டது. பட்டதாரி நர்ஸ்கள் 10 சதவீதம் கூடுதலாக இருந்த இடங்களில், 30 நாளுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு 7 சதவீதம் குறைந்திருந்தது. ஒரு நர்ஸின் தலையில் இன்னும் ஒரு நோயாளியைக் கட்டினால், அதே 7 சதவீதம் ஏறியிருந்தது.