மீட்பு வண்டியும் நெம்புகோலும்

பழுதாகி நின்ற காரை வேறொரு வண்டி தன் பின்புறத்தில் தூக்கி இழுத்துச் செல்வதை நெடுஞ்சாலைகளில் பார்த்திருப்பீர்கள். மக்கள் அதை ரெக்கவரி வண்டி என்பர். நாம் மீட்பு வண்டி என்று சொல்வோம். பின்னால் காரின் பளு ஏறும்போது மீட்பு வண்டியின் முன்சக்கரங்களுக்கு என்ன நேரும்? அவையும் கூடுதல் பளுவைத் தாங்கும் என்றே மாணவர் பலர் விடை சொல்கின்றனர். உண்மை நேர்மாறானது.

இவ்வண்டியின் பிறப்பிடம் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துச் சட்டனூகா நகரம். அங்கு மோட்டார் பட்டறை நடத்திய எர்னஸ்ட் ஹோம்ஸ், ஓடையில் விழுந்த ஒரு காரைக் கயிறும் கட்டைகளும் ஆட்களும் கொண்டு பெரும்பாடுபட்டு மீட்டார். அதன் பின், 1916இல் ஒரு பழைய காடிலாக் காரின்மேல் மூன்று கம்பங்களையும் கப்பியையும் சங்கிலியையும் பொருத்தினார். இன்றைய வண்டிகள் எல்லாம் அதன் வழித்தோன்றல்களே.

இனி நம் கேள்விக்கு வருவோம். மீட்பு வண்டி ஒரு நெம்புகோல். பின்னச்சே அதன் சுழல்புள்ளி. இரு அச்சுகளுக்கும் இடையே 4 மீட்டர் என்றும், தூக்கிய பளு பின்னச்சுக்கு 2 மீட்டர் பின்னால் தொங்குகிறது என்றும் கொள்வோம். பளு 1,000 கிலோகிராம் எனில், முன்னச்சு இழப்பது 1,000 × 2 ÷ 4 = 500 கிலோகிராம். பின்னச்சோ 1,500 கிலோகிராம் கூடுதலாகச் சுமக்கிறது! முன்னச்சின் மீது முதலில் இருந்தது 2,000 கிலோகிராம் எனில், 4,000 கிலோகிராம் பளுவைத் தூக்கும்போது அங்கே எஞ்சுவது சுழி. வண்டியைத் திருப்புவதும் முன்சக்கரங்களே, பிரேக் போடும்போது பெரும்பங்கு வேலை செய்வதும் அவையே. தரையை அழுத்தாத சக்கரத்துக்கு உராய்வு ஏது? அந்த நிலை வருவதற்கு வெகு முன்பே, ஈரச் சாலையின் வளைவொன்றில் ஸ்டியரிங் ஓட்டுநருக்குக் கட்டுப்படாமல் போய்விடும்.

கொக்கியும் சங்கிலியும் கொண்டு தூக்குவது பழைய வகை. அது பம்பரைச் சிதைத்தது. அடுத்து வந்தது, இரு டயர்களை மட்டும் அடியிலிருந்து ஏந்தும் வகை. எந்த இரு டயர்களை ஏந்துவது என்பதில்தான் சூட்சுமம். அம்பாசிடர் காரில் எஞ்சின் சுழற்றுவது பின்சக்கரங்களை. மாருதி 800இல் முன்சக்கரங்களை. எஞ்சின் சுழற்றும் சக்கரங்களைத் தூக்கிவிடுவதே நல்லது. தானியங்கிக் கியர் உள்ள கார்கள் பெரும்பாலானவற்றில், எண்ணெயைச் செலுத்தும் பம்பு எஞ்சின் ஓடினால்தான் ஓடும். எஞ்சின் நின்றிருக்க அச்சக்கரங்கள் சாலையில் உருண்டால், கியர்ப்பெட்டி எண்ணெயின்றிச் சூடேறிக் கெடும். சிறு பழுதுக்கு உதவி கேட்டவர் பெரும் பழுதோடு வீடு திரும்புவார்!

நான்கு சக்கரங்களையும் எஞ்சின் சுழற்றும் கார்களுக்கும், மின்சாரக் கார்களுக்கும் சாய்தள மேடை வண்டியே உகந்தது. மின்சாரக் காரின் சக்கரம் உருண்டால் அதன் மோட்டார் மின்னாக்கியாக மாறிப் பழுதடையக்கூடும். இவ்வண்டியின் மேடை பின்னால் சரிந்து சாய்தளமாகும். காரை அதன்மேல் இழுத்தேற்றிப் பின் மேடையைக் கிடையாக்குவர். பளு பெரும்பாலும் அச்சுகளுக்கு இடையே அமர்வதால் முன்சக்கரம் இலேசாவதில்லை. என் கணிப்பில் எல்லாவற்றிலும் பாதுகாப்பானது இதுவே.

கவிழ்ந்த பேருந்து, லாரிகளுக்குச் சுழலும் கை கொண்ட பெரிய வண்டிகள் உண்டு. அவை பக்கவாட்டில் கால்களை நீட்டி ஊன்றிக்கொள்ளும். சுழல்புள்ளி வெளியே நகர்வதால் கவிழும் அபாயம் குறைகிறது.

எல்லா வகைக்கும் பொதுவானது வின்ச் உருளை. கம்பிவடம் அதில் அடுக்கடுக்காகச் சுற்றச் சுற்ற ஆரம் கூடும். திருப்புவிசை மாறாததால் இழுவிசை குறையும். ஆரம் 5 செ.மீ.யிலிருந்து 7.5 செ.மீ. ஆனால் இழுவிசை மூன்றில் இரண்டு பங்காகிவிடும். ஆகவே அனுபவசாலி வடத்தைப் பெரும்பாலும் வெளியே விட்டு, உள்ளடுக்கிலேயே இழுக்கத் தொடங்குவார். நீளம் மிஞ்சினால், காரில் ஒரு கப்பியை மாட்டி வடத்தை மடக்கிக் கொணர்ந்து விசையை ஏறத்தாழ இரட்டிப்பாக்குவார்.

இறுகிய வடத்தில் மீள்ஆற்றல் சேர்ந்திருக்கும். அது அறுந்தால் சாட்டைபோல் வீசும். வேடிக்கை பார்ப்போர் வடத்தின் நேர்க்கோட்டில் நிற்கலாகாது. கப்பியில் மடங்கிய வடத்தின் உட்புறம் நிற்பது அதனினும் ஆபத்து.