கல்லும் கள்ளியும்
இலையும் ஏடும் – 9

சென்ற வாரம் சாத்தனூர் கல்மரத்தின் அருகே நிறுத்தியிருந்தேன். பூக்கும் செடிகளைப் பற்றிய தொடரில், பூக்கவே பூக்காத ஒரு மரத்துக்கு முழுதாய் ஒரு வாரம் எதற்கு என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் அந்த மரத்தின் முன்னால் நின்றுவிட்டு வந்தால்தான், பூ என்பது இந்த மண்ணுக்குப் பிந்தி வந்த விருந்தாளி என்பது உறைக்கும். அதற்காகத்தான். இந்த வாரம் அங்கிருந்து கிழக்கே வந்துவிட்டோம்.

கங்கைகொண்ட சோழபுரத்தில் இறங்குகிறவர்கள் நேரே கோயிலுக்குப் போவார்கள். நானும் போனேன். சண்டேசருக்குச் சிவன் மாலை சுற்றும் சிற்பத்தின் முன் வழக்கம்போல் நின்றேன். பெரியபுராணம் அதைக் கொன்றை மாலை என்கிறது. 1753-இல் ஸ்வீடன்காரர் லின்னேயஸ் அந்தக் கொன்றைக்கு வைத்த பெயர் காசியா ஃபிஸ்டுலா. ஃபிஸ்டுலா என்றால் லத்தீனில் குழாய். மஞ்சள் சரம் சரமாய்த் தொங்கும் பூ நமக்குக் கண்ணில் பட்டது; அவருக்கு நீளக் குழாய்போன்ற காய். பெயர் வைக்கிறவர் எதைப் பார்த்தாரோ அதுதான் பெயர்.

பிறகு மாளிகைமேட்டுப் பக்கம் நடந்தேன். ராஜேந்திரனின் அரண்மனை இருந்த மேடு. செங்கல் அடித்தளங்களைத் தாண்டிக் கொல்லைகளின் பக்கம் போனால் வேலியில் கொம்புக்கள்ளி. அதன் நிழலில் ஒரு சிறு செடியைக் குனிந்து படம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஆடு ஓட்டிவந்த பாட்டி நின்றுவிட்டார்.

"என்னா தம்பி, தவசிமுருங்கையப் போயி படம் புடிக்கிற?"

"பேரு தெரியுமா பாட்டி உங்களுக்கு?"

"தெரியாம என்னா. இருமலுக்கு ரசம் வச்சுக் குடுப்போம். ஒனக்கு இருமலா?"

இருமல் இல்லை என்றதும் அவருக்கு என்மேல் இருந்த அக்கறை போய்விட்டது. அந்தச் செடியின் அறிவியல் பெயர் ஜஸ்டிசியா ட்ரான்குபாரியென்சிஸ். ட்ரான்குபார் என்பது தரங்கம்பாடி. பெயரை 1782-இல் அச்சேற்றியவர் லின்னேயஸின் மகன். பாட்டியின் கொள்ளுப்பாட்டிக்கும் தெரிந்திருந்த செடி, ஐரோப்பாவில் அந்த ஆண்டில்தான் "புதிய இனம்" ஆயிற்று. ஆகவே பத்திரிகைகளில் "புதிய தாவரம் கண்டுபிடிப்பு" என்று தலைப்பு வரும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். கண்டுபிடிப்பு அல்ல அது, பதிவு. பத்திரப் பதிவு அலுவலகத்தில் நடக்கிற மாதிரியான பதிவு.

அந்த ஒப்புமையைச் சும்மா சொல்லவில்லை. சோழர் செப்பேடுகளில் ஓர் ஊரைத் தானம் கொடுக்கும் முறை விரிவாக வருகிறது. பெண் யானையை நடத்தி எல்லையைச் சுற்றி வருவார்கள். சுற்றிய வழியெல்லாம் கல்லும் கள்ளியும் நடுவார்கள். கீழெல்லை எந்த வாய்க்காலுக்கு மேற்கு, தென்னெல்லை எந்த ஊர் நிலத்துக்கு வடக்கு என்று நான்கு பக்கமும் எழுதுவார்கள். உடன் நின்றவர்கள் கையெழுத்திடுவார்கள். ஊரின் அழகைப் பற்றி அங்கே ஒரு சொல் இருக்காது. அது எங்கே முடிந்து பக்கத்து ஊர் எங்கே தொடங்குகிறது என்பதே பேச்சு.

புதிய செடியை விவரிப்பதும் அச்சு அசலாக இதே வேலை. செடி எப்படி இருக்கிறது என்று எழுதினால் போதாது. அதன் நெருங்கிய உறவுக்காரச் செடி எங்கே முடிகிறது, இது எங்கே தொடங்குகிறது என்று காட்ட வேண்டும். அதன் பூவடிச் செதில் முட்டை வடிவம் என்றால் இதனுடையது ஊசிபோல. அதன் காயில் நான்கு விதை என்றால் இதில் இரண்டு. இப்படி ஒன்றிரண்டு நிலையான வேறுபாடுகள் தேறவில்லை என்றால், எவ்வளவு அழகான பூவாக இருந்தாலும் அது தனி இனம் இல்லை. பழைய இனத்தின் ஒரு வளர்ச்சி வேறுபாடு, அவ்வளவுதான்.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. செப்பேட்டில் அரச குலத்தின் புகழ் சமஸ்கிருதத்திலும் எல்லையும் வரியும் தமிழிலும் இருக்கும். தாவரவியலிலும் வெகுநாள் இப்படித்தான். 1935 தொடங்கி 2011 முடிய, புதிய இனத்தின் விவரக்குறிப்பு லத்தீனில் இருந்தால்தான் செல்லும் என்று விதி. கட்டுரை முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கும்; நடுவில் சில வரி லத்தீன். எத்தனை நல்ல ஆய்வாளர்கள் அந்தச் சில வரிக்காக லத்தீன் தெரிந்த பாதிரியாரைத் தேடி அலைந்திருப்பார்கள்! 2012 ஜனவரி 1 முதல் ஆங்கிலமும் செல்லும். பெயர் மட்டும் இன்றும் லத்தீன் உருவில்தான்.

அந்த லத்தீனுக்குள் நம் சொல்லும் ஒளிந்திருக்கிறது. மாளிகைமேட்டில் நான் பார்த்த கொம்புக்கள்ளியின் பெயர் யூஃபோர்பியா திருகள்ளி. ஆம், 'திருகள்ளி' என்றேதான். கொச்சியில் இருந்த டச்சு ஆளுநர் வான் ரீடே தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்தது. மலபார் வைத்தியர்கள் சொன்ன பெயர்கள் அதில் அப்படியே இருந்தன. லின்னேயஸ் அதிலிருந்து எடுத்துக்கொண்டார். முருங்கை 'மொரிங்கா' ஆனதும், பாவட்டை 'பவெட்டா' ஆனதும் இந்த மண்ணின் சொற்களிலிருந்துதான். வேடிக்கை என்னவென்றால், பெயரில் நம் வாசனை அடிக்கும் திருகள்ளி ஆப்பிரிக்காவிலிருந்து வந்த செடி. சோழர் நட்டது அதுவாக இருந்திருக்குமா என்பது சந்தேகம், சதுரக்கள்ளியாக இருக்கலாம்.

விவரமும் பெயரும் மட்டும் போதுமா? கையெழுத்திட்ட சாட்சி வேண்டாமா? வேண்டும். அந்தச் சாட்சிதான் மூலமாதிரி. துறைக்காரர்கள் ஹோலோடைப் என்பார்கள். பூவும் காயுமாகப் பறித்த ஒரு கிளை. பழைய செய்தித்தாளுக்குள் விரித்து, பலகைகளுக்கு நடுவே இறுக்கி, தினமும் தாள் மாற்றிக் காயவைத்து, தடித்த அட்டையில் தைத்து ஒட்டியது. ஓரத்தில் சீட்டு: எங்கே, என்று, யார், என்ன உயரம், உயிரோடு இருக்கும்போது பூ என்ன நிறம். காய்ந்தால் நிறம் போய்விடும், அதனால் நிறத்தை அங்கேயே எழுதிவிட வேண்டும். 1958 முதல் மூலமாதிரி எது என்று சொல்லாமல் ஒரு பெயரும் செல்லாது. நாளைக்கு யாருக்காவது சந்தேகம் வந்தால் கட்டுரையைப் புரட்ட மாட்டார்கள். அந்த அட்டையைத்தான் பார்ப்பார்கள்.

சாட்சி தொலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதே அரியலூர் மாவட்டத்தில் ஓர் உதாரணம் உண்டு. செடி அல்ல, டைனோசர். கல்லமேட்டில் கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளுக்கு 1987-இல் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு புவியியலாளர்கள் புருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். பேருடல் பல்லி என்று பொருள். உலகின் மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக இருக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. ஆனால் அந்த எலும்புகள் உதிர்ந்து போயின. காட்டுவதற்கு மாதிரி இல்லை. அது எலும்பே இல்லை, கல்மரமாக இருக்கும் என்றுகூடச் சிலர் சந்தேகித்தார்கள். 2022-இல் வெளியான ஒரு கட்டுரை பழைய புகைப்படங்களை வைத்து, எலும்புதான் என்று வாதாட வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய உடம்புக்கு வைத்த பெயர் இன்று சில புகைப்படங்களில் தொங்குகிறது. கையகலச் செடிகளின் பெயர்களோ 200 ஆண்டுகளாக அசையாமல் நிற்கின்றன.

அவற்றை நிற்க வைத்தவர்களில் பலர் தரங்கம்பாடிக்காரர்கள். லின்னேயஸிடம் படித்த யோகான் கெர்ஹார்ட் கோனிக் 1768-இல் மருத்துவராக அங்கே வந்து இறங்கினார். அவர் அனுப்பிய செடிகளைப் பார்த்து மகிழ்ந்த ஆசிரியர் 1771-இல் நம் கறிவேப்பிலைக்குப் பெர்கெரா கோனிகி என்று மாணவர் பெயரையே வைத்துவிட்டார். 1825-இல் தாவரவியலாளர் ஸ்ப்ரெங்கல் அதை முராயா பேரினத்துக்கு மாற்றினார். நம் பாடப்புத்தகங்களில் இன்றும் முராயா கோனிகிதான். இப்போது கியூ தாவரவியல் பூங்காவின் பட்டியல் பழையபடி பெர்கெராவுக்கே திரும்பிவிட்டது. முன்பாதி இப்படி வீடு மாறினாலும் பின்பாதி மாறவில்லை. தாளிக்கிற ஒவ்வொரு இணுக்கிலும் கோனிக் இருக்கிறார். சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கப்படுவதும் அவர்தான், பாவம்.

அவருக்குப் பின் வந்த பாதிரியார் ராட்லரைத் தமிழர்கள் அகராதிக்காரராக அறிவார்கள். அவர் செடி உலர்த்தியவரும்கூட. அவருடைய தொகுப்பு 1873-இல் கியூவுக்குப் போய்ச் சேர்ந்தது. தரங்கம்பாடி மருத்துவர் கிளைன் அனுப்பிய செடிகளை பெர்லினில் தாவரவியலாளர் வில்டெனோ விவரித்தார். 1943-இல் குண்டுவீச்சில், இப்படிப்பட்ட அட்டைகளைச் சேர்த்து வைக்கும் பெர்லின் உலர்தாவரகம் எரிந்தது. வில்டெனோவின் தொகுப்பு மட்டும் தனியே வைத்திருந்ததால் தப்பியது. நம் வரப்போரச் செடிகள் பலவற்றுக்கான சாட்சி ஒரு போரில் மயிரிழையில் பிழைத்த கதை இது.

சாட்சியைப் பார்க்கக் கடல் தாண்ட வேண்டும் என்ற நிலை பிறகு கொஞ்சம் மாறியது. கோயம்புத்தூரில் மதராஸ் உலர்தாவரகம் இருக்கிறது. திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகத்திலிருந்து கே.எம். மேத்யூ என்ற இயேசு சபைப் பாதிரியார் தம் குழுவோடு புறப்பட்டு, பச்சைமலை உட்பட மத்தியத் தமிழகத்தைச் சலித்தார். அரியலூரும் பெரம்பலூரும் அன்று திருச்சி மாவட்டத்துக்குள் இருந்தன. அந்த உழைப்பின் பயனாக 'தமிழ்நாடு கர்னாடிக் தாவரவளம்' என்ற நூல் 1980-களின் தொடக்கத்தில் வந்தது. இந்தப் பகுதியில் ஒரு செடியைப் "புதிது" என்று சொல்ல விரும்புகிறவர் முதலில் அந்த நூலோடு மோத வேண்டும். பெரும்பாலும் நூல்தான் ஜெயிக்கும். புதிது என்று நினைத்தது அதில் ஏதோ ஒரு பக்கத்தில் இருக்கும்.

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் மேட்டில் சிமெண்டுக்காகக் குழி வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள். வெட்டிய பின் அங்கே என்ன பூத்தது என்று கேட்டால் பதில் சொல்ல அட்டையைத் தவிர வேறு எதுவும் இருக்காது.

எனவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். எனக்கு அனுப்பும் படங்களில் பத்துக்கு ஒன்பது பூவின் முகம் மட்டும்தான் இருக்கிறது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இலையின் அடிப்பக்கம், காம்பு தண்டோடு சேரும் இடம், காய் இருந்தால் காய், பக்கத்தில் ஓர் அளவுகோல் எல்லாம் படத்தில் இருக்கட்டும். இடமும் தேதியும் எழுதுங்கள். ஊரில் அதற்கு வழங்கும் பெயரை ஆடு மேய்க்கிறவர்களிடம் கேட்டு எழுதுங்கள். பிறகு எனக்கு அனுப்புவதைவிட, பக்கத்துக் கல்லூரியின் தாவரவியல் துறையில் நேரில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

(தொடரும்)